‘அழுத்த எதிர்ப்பு’ வேண்டாம், ‘வாட்டந்தாங்குதிறன்’ என்போம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

மாடுகளின் மரபியலில் வரும் ‘ஸ்ட்ரெஸ் ரெசிஸ்டன்ஸ்’ என்பதற்கு, அதாவது வெயில், பயணம் போன்றவற்றால் வரும் நலிவை மாடு தாங்கும் தன்மைக்கு, முன்வைக்கப்பட்ட ‘அழுத்த எதிர்ப்பு’ எனக்கு ஒப்பவில்லை. அழுத்தம் என்றால் படிப்பவர் மன அழுத்தத்தையோ இரத்த அழுத்தத்தையோ நினைப்பார். எதிர்ப்பு என்றால் நோய் எதிர்ப்பு நினைவுக்கு வந்து, தடுப்பூசியால் கிடைப்பது போலும் என்று எண்ணிவிடுவார்.

நான் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறேன். இங்கே பங்குனி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு, கலப்பினப் பசு வாயில் எச்சில் ஒழுக, விலா ஏறி இறங்க மூச்சிரைத்துக்கொண்டு தீவனத்தைத் தொடாமல் நிற்கிறது. பத்தடி தள்ளிப் பனை நிழலில் நாட்டு மாடு படுத்து அசைபோடுகிறது. முதல் மாட்டைக் காட்டி, ‘வாடிப் போச்சுங்க’ என்கிறார்கள். மலையாளத்திலும் வாட்டம் என்றால் வாடிய நிலைதான். எல்லையின் இரு பக்கமும் விளங்கும் இந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுவானேன்?

‘எதிர்ப்பு’ பொருந்தாது என்பதற்கு உயிரியலிலேயே காரணம் இருக்கிறது. நாட்டு மாடு வெயிலை எதிர்த்து நிற்பதில்லை. அதன் உடலில் உண்டாகும் வெப்பம் குறைவு, மயிர் குட்டை, வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, உயிரணுக்களும் சூட்டால் எளிதில் சிதைவதில்லை. கரீபியன் பகுதியின் செனிபோல் இனத்தில், 20ஆம் குரோமோசோமில் உள்ள புரோலாக்டின் ஏற்பி (புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்கும் புரதம்) மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றம் மயிரைக் குட்டையாகவும் வழவழப்பாகவும் ஆக்குகிறது என்று 2014இல் கண்டறிந்தார்கள். அந்த மாற்றத்தைக் கலப்பின் வழியே பெற்ற ஹோல்ஸ்டீன் என்ற ஐரோப்பியக் கறவை இன மாடுகளுக்கு வெயிலில் உடற்சூடு அவ்வளவாக ஏறுவதில்லை. இது தாங்குவது, மரபில் இறங்குவது. ஆகவே ‘வாட்டந்தாங்குதிறன்’ என்கிறேன்.

பழக்கத்தால் வருவதை இதனோடு கலக்கக் கூடாது. குளிர்ந்த மலையிலிருந்து வந்த மாடு சில வாரங்களில் ஓரளவு வெயிலுக்குப் பழகுகிறது, ஆனால் அது கன்றுக்குப் போவதில்லை. அதற்குப் ‘பழகுதிறன்’ போதும். வாடிய மாடு மீண்டும் பழைய பாலுக்குத் திரும்புவது ‘மீள்திறன்’. இம்மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், எதைப் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுப்பது என்பதே குழம்பிவிடும். பால் கூடக்கூட உடலில் உண்டாகும் வெப்பமும் கூடுவதால், பாலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடங்களில் தாங்குதிறன் மெல்லக் கைநழுவியிருக்கிறது.

பயிரின் வாடல் நோயோடு குழம்பாதா என்று கேட்கலாம். அது ‘வாடல்’, இது ‘வாட்டம்’. வேண்டுமிடத்தில் வெப்ப வாட்டம், பயண வாட்டம் என்று முன்னொட்டும் சேர்க்கலாம். கட்டட வேலையில் தரையின் சரிவையும் வாட்டம் என்பார்கள், ஆனால் மாட்டைப் பற்றிப் பேசும்போது அந்தப் பொருள் யாருக்கும் தோன்றாது.

சினை ஊசி போட வருபவர், ‘இந்தக் காளையின் கன்றுகளுக்கு வாட்டந்தாங்குதிறன் கூடுதல்’ என்று சொன்னால், எங்கள் ஊரில் யாரும் அவரை மறுமுறை கேட்க மாட்டார்கள்.