சிபில் ஸ்கோர் 600-க்குக் கீழே போனால்: கடலூர், புதுச்சேரி பக்கம் பார்த்ததைப் பகிருங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்:
முதலில் உங்கள் கடன் வரலாற்று ரிப்போர்ட்டை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் வரலாற்றைத் தொகுக்கும் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தந்தாக வேண்டும். மேலே இருக்கும் மூன்று இலக்க ஸ்கோரைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு கடனின் கீழும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030 என்றால் 30 நாள் தாமதம். இந்தப் பக்கம் அடிக்கடி கண்ணில் படுவது பெயர்க் குழப்பம். ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே ஊர் என்று வேறு யாரோ வாங்கிய டூவீலர் லோன் உங்கள் தலையில் ஏறியிருக்கும். பான் எண், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம், கடலூர்:
இங்கே சிக்கல் வருவது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் நிற்கும், தவணை நிற்காது. மே 5-ஆம் தேதி தவணை ஒன்று விட்டுப்போகிறது என்று வையுங்கள். ஜூன் 5 முதல் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினாலும், கட்டும் பணம் பழைய பாக்கிக்குத்தான் வரவாகும். ஜூனில் கட்டியது மே கணக்குக்கு, ஜூலையில் கட்டியது ஜூன் கணக்குக்கு. அதனால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 25, 26 நாள் தாமதம் என்றே பதிவாகும். "மாசாமாசம் கட்டுறேனே, ஏன் ஏறலை?" என்று கேட்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஏதாவது ஒரு மாதம் இரண்டு தவணையாகக் கட்டினால்தான் அந்தச் சங்கிலி அறும். பாக்கி 90 நாளைத் தாண்டி வாராக்கடன் ஆகிவிட்டால், நிலுவை முழுவதையும் தீர்த்தால்தான் கணக்கு மறுபடி சரியாகும்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
தேவனாம்பட்டினத்து அண்ணன் சொல்வது முற்றிலும் சரி. அதோடு 2025 ஜனவரி முதல் கடன் கொடுத்தவர்களிடமிருந்து சிபில் போன்ற நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை விவரம் போகிறது. 5-ஆம் தேதி தவணையை 25-இல் கட்டி மாதக் கடைசிக்குள் சரிக்கட்டும் பழக்கம் இனி உதவாது.

செட்டில்மென்ட் பற்றியும் சொல்ல வேண்டும். 80,000 ரூபாய் பாக்கிக்கு 35,000 கட்டினால் போதும் என்று வசூல் ஆள் சொல்வார். கட்டினால் கடன் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்று பதிவாகும், 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடித்தது) ஆகாது. அடுத்து வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது மேனேஜர் முதலில் தேடுவது அந்த வார்த்தையைத்தான். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால், மீதியைக் கட்டுவதாகவும் 'குளோஸ்டு' என்று மாற்றித் தரும்படியும் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே பணம்.

பண்ருட்டி:
குழுக் கடனை மறந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்காக உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்த கடனும், ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் உங்கள் ரிப்போர்ட்டில்தான் வரும். நகைக்கடனும் அப்படியே, கெடு தாண்டினால் தாமதம்தான்.

வில்லியனூர், புதுச்சேரி:
யாரும் கார்டு தராத நிலையில், வைப்புத்தொகையை ஈடாக வைத்துக் கார்டு வாங்கலாம். லிமிட் 20,000 என்றால் 6,000-க்குள் செலவழித்து, முழுத் தொகையையும் கட்டுங்கள். மினிமம் மட்டும் கட்டினால் தாமதம் என்று வராது. ஆனால் பாக்கி லிமிட்டை ஒட்டியே நிற்பதால் ஸ்கோர் ஏறாது, வட்டியும் தின்றுவிடும். இடையில் நாலு ஆப்பில் லோன் கேட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகும்.

மஞ்சக்குப்பம், கடலூர்:
தவறான பதிவுக்கு: சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் (பதிவு தவறு என்ற ஆட்சேபம்) போடுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் கணக்கு எண், பாக்கியில்லாச் சான்று, கடைசி ஸ்டேட்மென்ட் வைத்துத் தனியாக எழுதுங்கள். அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் சிபில் எதையும் மாற்றாது. அதனால் "பத்தாயிரம் கொடு, ஸ்கோரை ஏத்தித் தர்றேன்" என்கிற ஏஜென்டிடம் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள், பான், ஓடிபி எதையும் சொல்லாதீர்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மனுக்குப் புகார் எழுதலாம். விவரம் கேட்க 14448. முதலில் அனுப்பிய புகாரின் நகலும் தேதியும் கையில் இருக்கட்டும், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.