புதுப்பிப்பு: சேலம் கன்னங்குறிச்சி வீட்டை வாங்குவதா, சூரமங்கலத்தில் வாடகைக்கே இருப்பதா?

மாதம் 11,000 ரூபாய் வாடகையை விட்டுவிட்டு 40 லட்சம் விலையுள்ள வீட்டை 30 லட்சம் கடனில் வாங்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். இப்போதைக்கு வாங்கவில்லை.

வாடகை ஆற்றில் கரைத்த புளி என்று மாமனார் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். ஆனால் 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வங்கியில் அச்சிட்டுக் கொடுத்த தவணை அட்டவணையின் முதல் வரியிலேயே, மாதத் தவணையான 26,035 ரூபாயில் வட்டி மட்டும் 21,250 என்றும் அசலில் கழிவது 4,785 தான் என்றும் இருந்தது. முழுத் தவணைக் காலத்துக்கும் வட்டி 32 லட்சத்தைத் தாண்டுகிறது. இதுவும் புளிதான், ஆறுதான் வேறு!

எங்களைத் தடுத்தது அதுவன்று, பத்திரச் செலவு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்றால் 3,60,000 ரூபாய். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கடன் வரம்பைக் கணக்கிடும்போது வங்கிகள் இச்செலவை வீட்டின் விலையோடு சேர்ப்பதில்லை என்பதால், இதற்கும் கைப்பணமே வேண்டும். எங்களிடம் இருந்ததோ முன்பணத்துக்கான 10 லட்சம் மட்டுமே. மனைவி நகையை அடகு வைக்கலாம் என்றாள். நான்தான் மறுத்துவிட்டேன், அதில் இன்னும் சிறு மனத்தாங்கல் உண்டு.

மலையடிவாரக் காற்றும் மூக்கனேரிப் பக்கமும் பிடித்துப்போனதால் ஆசை விடவில்லை. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசமான 15,000 ரூபாயை இம்மாதம் முதல் தனிக்கணக்கில் போடத் தொடங்கியிருக்கிறோம்.