மறு: பூனைக்கு வரும் டி.பி.யை எப்படிச் சொல்வது?

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, பூனை வளர்ப்போர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பூனைக் காசநோய்’ என்று எழுதியிருந்தேன். கால்நடை மருத்துவர் தயங்குகிறார். காசம் என்றால் இருமல். பூனைக்குப் பல நேரம் இருமலே இருக்காதாம். முகத்திலோ காலிலோ கட்டி, ஆறாத புண், தாடைக்கடியில் நெறிக்கட்டு, இவைதான் முதலில் தெரியுமாம். வேறு சொல் உண்டா?

குன்னூர், தமிழாசிரியர்:
‘கண்டமாலை’ இருக்கிறதே! கழுத்து நெறிக்கட்டுக்குச் சித்த மருத்துவத்தில் வழங்கும் பெயர். வெருகு என்னும் பூனையைப் ‘பூசை’ என்று சொல்லவும் தொல்காப்பிய மரபியல் இடம் தருகிறது. ஆகவே ‘பூசைக் கண்டமாலை’.

உதகை:
ஐயா, கோயில் பூசைக்கு மாலை கட்டும் கையேடு என்று நினைத்துவிடுவார்கள்.

கூடலூர்:
கண்டமும் வடசொல், காசமும் வடசொல். கட்டியைக் குறிக்கும் கழலையை வைத்துக் ‘கழலைநோய்’ என்போம். கழலை, கழங்கு, கழற்சிக்காய் எல்லாமே உருட்சி குறித்த ஒரே வேர் என்பது என் துணிபு. ஐரோப்பியரும் சிறு கட்டியை வைத்துத்தானே டி.பி.க்குப் பெயரிட்டார்கள்?

குன்னூர், தமிழாசிரியர்:
கழங்கு அந்த வேர் இல்லை. முருகன் பூசாரியான வேலன் கழங்குக் காய்களை வைத்துக் குறி பார்ப்பது...

கோத்தகிரி, கால்நடை மருத்துவர்:
மன்னிக்கவும், குறுக்கிடுகிறேன். கழலை என்றால் கொழுப்புக்கட்டி என்று விட்டுவிடுவார்கள். மனிதருக்கு வரும் டி.பி.யின் உறவு இது என்பது புரிய வேண்டும். அப்போதுதான் சதைத்துண்டு எடுக்கச் சம்மதிப்பார்கள். சாயம் ஏற்றிப் பார்த்தும் கிருமி தெரியாமல் போகலாம்; கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். பல மருந்துகளைச் சேர்த்துக் குறைந்தது 6 மாதம் கொடுக்க வேண்டும். கட்டி அமுங்கியதும் நிறுத்தினால் திரும்பிவிடும். அம்மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அதைப் பார்த்துப் பயந்தும் நிறுத்திவிடக் கூடாது. எலி வேட்டை, காய்ச்சாத பால், பச்சை இறைச்சி வழியாகத் தொற்றும் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

உதகை:
காசநோய் என்றதுமே பூனையைத் தேயிலைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தால்? ‘எலும்புருக்கி’ என்றால் அதற்கும் மேல், கால்சியம் வாங்கப் போய்விடுவார்கள். பேசாமல் ‘பூனை டி.பி.’ என்றே போடுங்கள்.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:
சரி, எனக்கு நேரமில்லை. தலைப்பு ‘பூனைக் காசநோய்’. கீழேயே பெரிய எழுத்தில் ‘இருமல் இல்லாமலும் வரும், ஆறாத புண்ணைக் காட்டுங்கள்’. உள்ளே டி.பி. என்றும் வரும். பெரும்பாலோர் தனிமடலில் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

கூடலூர்:
அச்சைத் தடுக்கவில்லை. ஆனால் கலைச்சொல் பட்டியலில் ‘கழலைநோய்’ என் மறுப்போடு பதிவாகட்டும். கழங்குக்கு விடை நாளை எழுதுகிறேன்.