பதற்றம் குறையாமலே எக்ஸ்போஷர் முடிந்தால் அது வீணா?

நீலவானம் கேட்டது:

ஓசிடிக்காக, அதாவது வேண்டாத எண்ணங்களும் அவற்றைத் தணிக்கச் செய்யும் சடங்குகளும் திரும்பத் திரும்ப வரும் மனக்கோளாறுக்காக, ஆறு வாரமாக ஈஆர்பி செய்துகொண்டிருக்கிறேன். பயப்படுகிற சூழலுக்குள் வேண்டுமென்றே போய் நின்று (இதைத்தான் எக்ஸ்போஷர் என்கிறார்கள்), வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருப்பது. எனக்கு இருப்பது சரிபார்க்கும் வகை. கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன், ஒரு காலத்தில் வாசலைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகும். இப்போதைய பயிற்சி, ஒரே முறை பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் நடந்து போவது.

என் குழப்பம் இதுதான். பல வருடங்களுக்கு முன் வேறொரு இடத்தில் சிகிச்சை எடுத்தபோது பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை எண் கொடுக்கச் சொல்வார்கள், அது பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருக்க வேண்டும், குறைவதற்குள் கிளம்பினால் பயம் இன்னும் கெட்டிப்படும் என்று சொல்லியே பயமுறுத்தி வைத்திருந்தார்கள். இப்போதைய தெரபிஸ்ட் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்வதே இல்லை. "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு உறுதியாக நினைக்கிறீர்கள்" என்று முதலில் எழுதச் சொல்கிறார், முடிந்த பிறகு "என்ன நடந்தது" என்று எழுதச் சொல்கிறார். நேற்று 80இல் ஆரம்பித்து 80இலேயே வீடு திரும்பினேன். அவர் நல்ல பயிற்சி என்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது. ஆராய்ச்சி உண்மையில் எந்தப் பக்கம் நிற்கிறது?

இன்னொன்று, என் தங்கைக்கு உணவுக் கோளாறு இருக்கிறது. இதே முறை அங்கேயும் உதவுமா?

கல்வெட்டு எழுதியது:

உளவியல் ஆராய்ச்சி மாணவன் நான், பதற்றக் கோளாறுகள்தான் என் பாடம். உங்கள் இரண்டு தெரபிஸ்ட்களும் சொன்னதற்குப் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன, நடுவில் கோட்பாடு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஓசிடிக்கு எதுவுமே பலிக்காது என்று பலர் நினைத்திருந்த காலத்தில், 1966இல் விக்டர் மேயர் என்பவர் லண்டனில் இரண்டு நோயாளிகளைப் பயந்த பொருட்களோடு பழகவிட்டு, சடங்கு செய்யவிடாமல் பார்த்துக்கொண்டார், இருவருக்கும் நன்றாகக் குறைந்தது. ஈஆர்பியின் தொடக்கம் அதுதான். ஏன் குறைகிறது என்பதற்கு 1986இல் எட்னா ஃபோவாவும் மைக்கேல் கோசாக்கும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: பயம் முழுதாகக் கிளம்ப வேண்டும், அந்த அமர்வுக்குள்ளேயே தணிய வேண்டும், அடுத்தடுத்த அமர்வுகளில் ஆரம்ப அளவும் இறங்க வேண்டும். "பாதியாகும்வரை உட்கார்" என்ற விதி இங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் பிறகு கணக்குப் பார்த்தபோது, ஓர் அமர்வுக்குள் பதற்றம் எவ்வளவு இறங்கியது என்பது அந்த நபர் கடைசியில் எவ்வளவு குணமடைவார் என்பதைச் சரியாகக் காட்டிக்கொடுக்கவில்லை. இறங்காதவர்களும் தேறினார்கள், நன்றாக இறங்கியவர்களுக்கும் சிலசமயம் பயம் திரும்பி வந்தது. இன்னொரு பக்கம் மார்க் பவுட்டன் போன்றவர்கள் விலங்குகளில் செய்த சோதனைகள் ஒன்றைத் தெளிவாக்கின. பயம் அணைந்த பிறகும் பழைய தொடர்பு அழிவதில்லை. மணி ஒலித்தால் அதிர்ச்சி வரும் என்று கற்ற எலி, அதிர்ச்சி இல்லாமலே பலமுறை மணியைக் கேட்டுப் பயத்தை விட்டுவிடும், ஆனால் அதை வேறு கூண்டுக்கு மாற்றினால் பயம் மறுபடி தலைதூக்கும். பழைய பாடம் அப்படியே இருக்கிறது, அதன்மேல் "இப்போது ஒன்றும் ஆகாது" என்ற புதுப் பாடம் ஒன்று சேர்ந்து, பழையதைத் தடுத்து வைக்கிறது. இதை எடுத்துக்கொண்டுதான் மிஷல் கிராஸ்க்கும் அவர் குழுவும் 2008இலும், செய்முறை விவரங்களோடு 2014இலும் புது அணுகுமுறையை எழுதினார்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆழமாகப் புதுப் பாடம் பதியும் என்பது அதன் மையம்.

அதனால்தான் உங்கள் தெரபிஸ்ட் எழுதச் சொல்கிறார். நேற்று நீங்கள் 80இலேயே நடந்தீர்கள், பதற்றம் இறங்கவில்லை, சரி. ஆனால் "சரிபார்க்காமல் போனால் தாங்கவே முடியாது, பாதி வழியில் திரும்பி ஓடிவிடுவேன்" என்று முன்கூட்டி எழுதியிருந்தால், அது பொய்த்துப் போனதே? 80இல் இருந்துகொண்டே ஒருவர் நடக்க முடியும் என்பது, பதற்றம் இறங்கிய பிறகு நடப்பதைவிடப் பெரிய செய்தி.

தென்றல்22 எழுதியது:

எனக்கு இருந்தது பேனிக், திடீர் திடீரென்று பெரும் பீதி கிளம்பும் கோளாறு. இதயம் வேகமாக அடித்தால் செத்துவிடுவேன் என்ற பயம். அதற்குத் தரும் பயிற்சியில் அந்த உடல் உணர்வையே வரவழைக்கச் சொல்வார்கள், வேகவேகமாக மூச்சு வாங்குவது, நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய குழாய் வழியாக மட்டும் சுவாசிப்பது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன், பல மாதம் பெரிய முன்னேற்றமே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது, ஒவ்வொரு முறையும் சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது. சாப்பிட்டதே இல்லை, தொட்டுப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஆனால் மனசுக்குள் "மாத்திரை இருந்ததால் பிழைத்தேன்" என்றே கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போன அன்று பதற்றம் பயங்கரம். அந்த ஒரு நாளில் கற்றதை முந்தைய மாதங்களில் கற்கவில்லை.

அப்புறம், ஒரே இடத்தில் மட்டும் பயிற்சி செய்யாதீர்கள். நான் நன்றாகத் தேறி, வீடு மாறியவுடன் எல்லாம் திரும்பி வந்தது. எலிக்கூண்டு கதையை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் "எல்லாம் போச்சு" என்று மூன்று வாரம் படுத்திருக்க மாட்டேன். வேறு நேரம், வேறு கதவு, தனியாக, துணையோடு, தூக்கம் கெட்ட நாளில் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

ஆழி எழுதியது:

பழைய முறையை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்ல வந்தேன். நான் இருபது வருடமாக இந்தச் சிகிச்சையைக் கொடுத்துவருகிறேன். 2005இல் ஃபோவா குழு வெளியிட்ட ஆய்வில் ஓசிடி உள்ள 122 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஈஆர்பி பெற்றவர்களில் 62 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, குளோமிப்ரமின் மாத்திரைக்கு 42, இரண்டும் சேர்த்து 70, வெற்று மாத்திரைக்கு 8. மருந்து மட்டும் போதாதவர்களுக்கு எதைச் சேர்க்கலாம் என்று 2013இல் சிம்ப்சன் குழு 100 பேரிடம் பார்த்தபோதும் ஈஆர்பி சேர்த்தவர்களில் 80 சதவீதம் பேர் பலன் பெற்றார்கள், ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு மனநல மருந்தைச் சேர்த்தவர்களில் 23, வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 15. இந்த எண்கள் எல்லாம் பதற்றம் தணிவதைப் பார்த்துக்கொண்டிருந்த முறையில் வந்தவை. கோட்பாடு பிழையாக இருக்கலாம், செய்தது வேலை செய்தது.

என் அனுபவத்தில் இரண்டு விளக்கங்களுக்கும் பொதுவான இடத்தில்தான் பலன் இருக்கிறது: பயந்ததை நேரில் பார், சடங்கைச் செய்யாதே. பதற்றம் தானாக இறங்கினால் நல்லதுதான், அதை இறக்கியே ஆக வேண்டும் என்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓசிடிக்காரருக்கு அதுவே இன்னொரு சரிபார்த்தல் ஆகிவிடும். நீலவானம், நீங்கள் நேற்று எத்தனை முறை "இப்போது எவ்வளவு" என்று உங்களுக்குள் கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வெண்பா எழுதியது:

தங்கையைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன், எனக்கு அனொரெக்சியா இருந்தது, எடை ஏறும் பயத்தில் உணவை ஒதுக்கி மிகவும் மெலிந்துபோகும் கோளாறு. உதவும். ஆனால் ஓசிடியில் இருப்பதை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

பயந்த உணவைச் சாப்பிடுவது, எடை எந்திரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு ஏறுவது, கண்ணாடி முன்னால் நின்று உடம்பை முழுதாகப் பார்ப்பது, இதெல்லாம் எக்ஸ்போஷர்தான். சாப்பிட்ட பிறகு ஓடுவது, வாந்தி எடுப்பது, அடுத்த வேளையைக் குறைப்பது, இவற்றைத் தடுப்பது சடங்கைத் தடுப்பதற்குச் சமம். சிக்கல் எங்கே என்றால், பூட்டாத கதவு வழியாகத் திருடன் வரவில்லை என்று நீலவானத்துக்குக் காட்டிவிடலாம், ஆனால் எடை குறைந்த ஒருவரிடம் எடை ஏறாது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, ஏறித்தான் ஆக வேண்டும், அதுதானே சிகிச்சை. அதனால் எதிர்பார்ப்பை நுணுக்கமாக எழுத வேண்டியிருந்தது. நான் எழுதியது, "இந்த ஒரு தட்டைச் சாப்பிட்டால் எடை நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், இந்த வயிற்று உணர்வை ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டேன்". இரண்டும் நடக்கவில்லை. எடை ஏறியது, நின்றது.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். எடை மிகவும் குறைந்திருந்தாலோ அடிக்கடி வாந்தி எடுத்தாலோ முதலில் மருத்துவர் இரத்தத்தில் உப்புகளின் அளவையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். நீண்ட பட்டினிக்குப் பிறகு உணவைக் கூட்டுவதே கவனிப்போடு செய்ய வேண்டிய காரியம். வீட்டில் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

கல்வெட்டு எழுதியது:

வெண்பா சொன்னதோடு சேர்த்து ஒரு வார்த்தை. உணவுக் கோளாறில் சான்று இன்னும் ஓசிடி அளவுக்குக் குவியவில்லை. ஜோன்னா ஸ்டைங்லாஸ் குழு 2014இல் அனொரெக்சியா உள்ளவர்களிடம் உணவு எக்ஸ்போஷர் கொடுத்துப் பார்த்தது, சோதனை வேளையில் அவர்கள் சாப்பிட்ட அளவு கூடியது, ஆனால் அது சின்ன ஆய்வு. புலிமியாவில் (அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி போன்றவற்றால் ஈடுகட்டும் கோளாறு) 1998இல் வந்த ஆய்வில், சிபிடிக்குப் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) பிறகு எக்ஸ்போஷர் சேர்த்தபோது பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. எனவே தங்கைக்கு இது முழுச் சிகிச்சையின் ஒரு பகுதியாக இருக்கட்டும், தனியாக வேண்டாம்.

ஆழி, உங்கள் கடைசி வரியை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நீலவானம் எழுதியது:

ஆழி கேட்டதை யோசித்தேன். எண்ணவில்லை, ஆனால் தெருமுனைக்குள் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். தென்றல் சொன்னதற்கும் என்னிடம் ஒன்று இருக்கிறது: கிளம்பும்போது கணவரிடம் "பூட்டிட்டேன்ல?" என்பேன், அவரும் "ஆமா" என்பார். இதைச் சடங்கு என்று நான் நினைத்ததே இல்லை, தெரபிஸ்டிடமும் சொன்னதில்லை. இன்று அவரிடம் பேசிவிட்டேன், இனி கேட்டால் "தெரியலையே" என்று மட்டும் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அவருக்கும் அது கஷ்டம்தான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டுமே.

நாளைக்கான தாள் எழுதியாகிவிட்டது. "அவர் ஆமா என்று சொல்லாவிட்டால் தெருமுனைக்கு முன்பே திரும்பிவிடுவேன், 90 சதவீதம் உறுதி." வெண்பா, நீங்கள் எழுதியதைத் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். மருத்துவரைப் பார்க்க வியாழக்கிழமை போகிறோம்.