பழைய வூவ்ரே தெமி-செக்: திறந்து பார்த்தவர்கள் பகிரும் நுணுக்கங்கள்

பிரான்சில் லுவார் ஆற்றின் வடகரையில், தூர் நகரைத் தாண்டிக் கிழக்கே போனால் வூவ்ரே. 1936இல் ஏஓசி தகுதி (பிறப்பிடப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு) பெற்ற வைன் பகுதி. ஏறக்குறைய முழுக்க ஷெனின் பிளாங்க் திராட்சைதான். இனிப்பில்லாத செக், லேசாக இனிக்கும் தெமி-செக், நன்றாக இனிக்கும் முவாலெ, நுரைக்கும் வைன் எல்லாம் அந்த ஒரே திராட்சையிலிருந்து வருகின்றன.

இந்த விவாத இழை தெமி-செக்குக்கு மட்டும். அதிலும் அறுவடையாகிப் பதினைந்து, இருபது ஆண்டு கடந்த பாட்டில்களுக்கு. இளம் தெமி-செக் யாருக்கும் பிடிபடும்: ஆப்பிள், பேரிக்காய், குவின்ஸ், கொஞ்சம் தேன். வயதானது அவ்வளவு சுலபத்தில் பிடிகொடுப்பதில்லை. முதல் மோப்பத்திலேயே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, நல்ல பாட்டிலைத் தொட்டியில் ஊற்றுவது இந்த வைனுக்கு அடிக்கடி நேர்கிறது. ஆகவே எழுதுபவர்கள் அறுவடை ஆண்டு, தோட்டம், பாட்டிலில் வைனின் மட்டம், ஊற்றியபோது இருந்த வெப்பநிலை, எவ்வளவு நேரத்தில் எது மாறியது என்பவற்றைச் சேர்த்து எழுதினால் பிறருக்கு உதவும்.

ஒரு அளவுக் குறிப்பு. ஐரோப்பிய விதிப்படி தெமி-செக் என்றால் லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல், 12 கிராம் வரை சர்க்கரை. புளிப்பு போதுமான அளவு இருந்தால் 18 வரை போகலாம். பழைய அறுவடைகளில் அதைத் தாண்டியவையும் உண்டு. பிரெஞ்சுத் தயாரிப்பாளர்களின் விவரத்தாள்களில் புளிப்பைப் பெரும்பாலும் கந்தக அமிலக் கணக்கில் போடுகிறார்கள். லிட்டருக்கு 4.5 கிராம் என்று பார்த்துவிட்டுப் புளிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம். அதை 1.53ஆல் பெருக்கினால் டார்டாரிக் அமிலக் கணக்கு வரும், ஏறக்குறைய 6.9. இந்தப் புளிப்புதான் இந்த வைனைத் தாங்கும் முதுகெலும்பு. வூவ்ரேயில் கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாறவிடாமல் வைப்பதுதான் வழக்கம் என்பதால் அது அப்படியே கூர்மையாக நிற்கும்.

* * *

தக்கையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கேயே வருகிறது.

படுத்திருந்த பாட்டிலைத் திறப்பதற்கு முந்தைய நாளே நிமிர்த்தி வையுங்கள். அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மின்னுவது பொட்டாசியம் பைடார்டரேட் படிகம். கெடுதல் இல்லை, ஆனால் நாக்கில் நறநறக்கும். தக்கையின் அடியிலும் ஒட்டியிருக்கும்.

மேலுறையைப் பாட்டில் உதட்டுக்குக் கீழே வெட்டி முழுவதுமாக எடுத்துவிடுங்கள். தக்கையின் தலையில் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வூவ்ரேயின் நிலவறைகள் தூஃபோ சுண்ணக்கல்லில் குடைந்தவை. ஆண்டு முழுதும் ஏறக்குறைய 12 டிகிரி, ஈரம் மிகுதி. அங்கே கிடந்த பாட்டிலில் பூஞ்சை இருப்பது நல்ல சேமிப்புக்கு அடையாளம் என்றே சொல்வேன்.

மட்டம் பாருங்கள். இருபது ஆண்டு வயதுக்குத் தக்கையிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. இறங்கியிருப்பது இயல்பு. ஐந்துக்கு மேல் இறங்கியிருந்து, உறைக்கடியில் பிசுபிசுப்பும் இருந்தால் வைன் கசிந்திருக்கிறது, அந்த அளவுக்குக் காற்றும் உள்ளே போயிருக்கிறது.

திறக்க இரண்டு தகடுகள் கொண்ட ஆ-சோ திறப்பான் நல்லது. நீளமான தகட்டை முதலில், தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறக்கி, இப்படியும் அப்படியுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே இரண்டையும் உள்ளே விட வேண்டும். நேராக அழுத்தக் கூடாது. தளர்ந்த தக்கை உள்ளே விழுந்துவிடும். தொட்டவுடன் தக்கை அசைகிறது என்றால் முதலில் திருகுச்சுருளை நடுவில் இறக்கிப் பிடிமானம் செய்துகொண்டு, பிறகு தகடுகளை விடுங்கள். சாதாரணத் திருகியை மட்டும் நம்பினால் பழைய தக்கை நடுவில் பிய்ந்து வரும். மிச்சத் துண்டுக்குள் சுருளைச் சாய்வாக விட்டு இழுக்கலாம். அதுவும் நடக்காவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு, மெல்லிய எஃகு வலை வழியாக வடித்துக்கொள்ளுங்கள். காபி வடிதாள் வேண்டாம், காகித வாடை ஏறும். அந்த வாடைதான் அடுத்து வரப்போகும் சோதனையைக் குழப்பும்.

* * *

மேலே சொன்ன அந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

பழைய ஷெனினுக்கு ஈரக் கம்பளியின் மணம் உண்டு. மழையில் நனைந்த ஸ்வெட்டரை முகர்ந்தால் வருவது. பெரும்பாலும் கந்தகத்தின் துணையோடு வரும். இன்னொரு பக்கம், தக்கையிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மம் நனைந்த அட்டைப்பெட்டி, மூடிக்கிடந்த நிலவறை வாடையைத் தரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல பாட்டில்கள் தொட்டிக்குப் போகின்றன. பிரித்தறியும் வழி ஒன்றுதான்: காற்றும் நேரமும். கோப்பையில் 60 மி.லி. ஊற்றி, நன்றாகச் சுழற்றி, இருபது நிமிடம் விடுங்கள். கம்பளியும் தீக்குச்சி நெடியும் குறைந்துகொண்டே வரும், அடியிலிருந்து தேன்மெழுகும் பழமும் மேலே வரும். டிசிஏ என்றால் வாடை கூடிக்கொண்டே போகும், பழம் தலைகாட்டவே காட்டாது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், அட்டை வாடையாக உணர்வதற்கு முன்பே அது மற்ற மணங்களை அமுக்கிவிடும். ‘வாடை எதுவும் இல்லை, ஆனால் வைனில் ஒன்றுமே இல்லை’ என்று தோன்றினால் அதையும் சந்தேகப்படுங்கள்.

கந்தகம் ஏன் இருக்கிறது? சர்க்கரை மிஞ்சியிருக்கும் வைன் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்கக் கூடாது என்பதற்காக. ஐரோப்பிய விதி, 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை உள்ள வெள்ளை வைனுக்கு மொத்தச் சல்ஃபர் டை ஆக்சைடு லிட்டருக்கு 250 மி.கி. வரை அனுமதிக்கிறது, சர்க்கரை குறைந்ததற்கு 200. வயது ஏற ஏறக் கட்டற்ற கந்தகம் குறையும். ஆகவே எட்டு, பத்து வயதுப் பாட்டிலில் மூக்கைக் குத்தும் நெடி, இருபத்தைந்து வயதில் பெரும்பாலும் இருக்காது. திறந்த பாட்டிலில் மெல்லிய குமிழியும் கலங்கலும் சேர்ந்து தெரிந்தால் மறுநொதிப்பு நடந்திருக்கிறது. அது குறைதான், காற்றாடவிட்டாலும் சரியாகாது.

அடுத்தது காற்றுப்பட்டுக் கெடுவது. இங்கே நம் மூக்குக்கு ஒரு வசதி இருக்கிறது. வெந்தயத்தின் மணத்துக்கு முக்கியக் காரணமான சோடோலான் என்ற சேர்மமேதான் வயதான வைன்களிலும் வருகிறது. பிரான்சின் ஜுரா பகுதியில் செய்யும் வான் ஜோன் என்ற வைனில் அதைத்தான் தேடிக் குடிக்கிறார்கள். உன்னதப் பூஞ்சை (திராட்சையை வற்றவைத்து இனிப்பைச் செறிவாக்கும் பூஞ்சை) பிடித்த திராட்சை சேர்ந்த வூவ்ரேயிலும் ஒரு கீற்று இருந்தால் அழகு. ஆனால் வறுத்த வெந்தயமும் அடிபட்ட ஆப்பிளும் முன்னே நின்று, நிறம் பழுப்பாக மங்கி, புளிப்பு தட்டையாகிவிட்டிருந்தால் அந்தப் பாட்டில் முடிந்தது. நிறத்தை வெள்ளைத்தாளின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். நன்றாக வைத்த வூவ்ரே இருபது வயதிலும் வெளிர் தங்கமாகவே இருக்கலாம். ஆழ்ந்த தங்கம், அம்பர் நிறம்கூடத் தெளிவாக மினுங்கினால் கவலையில்லை. மங்கல்தான் கெட்ட அறிகுறி.

நகப்பூச்சு வாடை எத்தில் அசிடேட். பூஞ்சை பிடித்த பழம் சேர்ந்த வைனில் ஒரு துளி பொறுக்கலாம். தொண்டையில் காடியாக எரிந்தால் வேண்டாம்.

* * *

வெப்பநிலையை யாரும் எழுதவில்லை. குளிர்ப்பெட்டியின் 4 டிகிரியில் ஊற்றினால் புளிப்பும் கந்தகமும் மட்டும் தெரியும், மெழுகும் தேனும் வாயடைத்துக்கொள்ளும். 10 டிகிரியில் தொடங்கி 12, 13 வரை கோப்பையிலேயே ஏறவிடுங்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி, முக்கால் மணி நேரம் வெளியே வைத்தால் சரியாக வரும். கோப்பை நடுத்தர அளவில், வாய் சற்றே குவிந்ததாக இருக்கட்டும். கால்பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

* * *

டிகேன்டர் (வைனைக் காற்றாட ஊற்றிவைக்கும் குடுவை) விஷயத்தில் என் கருத்து பொதுவாகச் சொல்லப்படுவதற்கு மாறானது. பழைய வெள்ளை வைனைக் காற்றாடவிட்டால் செத்துவிடும் என்பார்கள். பழைய பர்கண்டி வெள்ளை வைனுக்கு அந்தப் பயம் நியாயம். நல்ல தோட்டத்து வூவ்ரேக்கு அது பொருந்தாது. புளிப்பு, சர்க்கரை, கந்தகம் மூன்றும் சேர்ந்த காவல் அதற்கு இருக்கிறது. பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் இருப்பதைத் தயங்காமல் இரண்டு மணி நேரம் டிகேன்டரில் விடுங்கள். ஷெனின் இளமை கழிந்தபின் சில ஆண்டு மூடிக்கொள்ளும் பழக்கம் உள்ளது. அந்தக் கட்டத்தில் திறந்தால் எலுமிச்சைத் தோலும் கல்லும்தான் கிடைக்கும். முப்பது கடந்ததை மட்டும் பாட்டிலிலேயே வைத்து, மணிக்கொரு கோப்பையாக ஊற்றிப் பின்தொடருங்கள்.

ஆண்டுகளுக்கு ஆண்டு வேறுபாடு பெரியது. 1989, 1990 இரண்டும் சூடான ஆண்டுகள், பழுத்த திராட்சை. தெமி-செக்கிலும் உலர்ந்த பாதாமி, இஞ்சி மிட்டாய், தேன். 1996இல் புளிப்பு ஓங்கி நிற்கும், பொறுமை கேட்கும். 2002 எனக்குப் பிடித்த சமநிலை. 2003 கடும் வெப்ப ஆண்டு. புளிப்பு தாழ்ந்தது, அதைக் கையிலிருந்தால் முதலில் குடித்துவிடலாம்.

தோட்டத்தைப் பற்றிப் பேசினால் 1928இல் தொடங்கிய ஹுவே பண்ணையை விட்டுவிட முடியாது. அவர்களுடைய மூன்று தோட்டங்களின் தெமி-செக்கை ஒரே ஆண்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் மண்ணின் பாடம் தெளிவாகும். ஆழமான களிமண்ணுள்ள லெ ஓ-லியு முதலில் திறந்துகொள்ளும். சிக்கிமுக்கிக் கல் கலந்த லெ மோன் ஒல்லியாக, நீளமாக, தாமதமாக வரும். சுண்ணப் பாறைக்கு மேல் மெல்லிய மண் மூடிய குளோ துயு பூர் வாயை நிறைக்கும். லெ மோனை ஓ-லியுவின் கணக்கில் வைத்துச் சீக்கிரம் திறந்துவிட்டு, வைன் மெலிந்துவிட்டது என்று எழுதுபவர்களை நிறையப் பார்க்க முடிகிறது.

* * *

‘இனிப்பு எங்கே போனது?’ என்று கேட்பவர்களுக்கு. எங்கும் போகவில்லை. ஆய்வகத்தில் அளந்தால் கிட்டத்தட்ட அதே கிராம் கணக்குதான் வரும். இளமையில் பழ மணம் தரும் எஸ்டர்கள் ஆண்டுகளோடு சிதைந்துவிடுகின்றன. பழ மணத்தை இனிப்போடு சேர்த்தே உணர நம் மூளை பழகியிருக்கிறது. அந்த மணத்தின் இடத்தில் மெழுகு, வைக்கோல், சீமைச் சாமந்தி, காளான் வந்ததும் அதே சர்க்கரை இனிப்பாகத் தெரியாமல் வெறும் பருமனாகத் தெரிகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், சர்க்கரை அங்கேயே இருக்கும். இதனால்தான் 18 கிராம் சர்க்கரையுள்ள வைன் இருபது வயதில் சாப்பாட்டு வைனாகிறது. இனிப்புப் பலகாரத்தோடு அதை வைத்தால் புளித்த நீராகத் தெரியும், அப்படி வைக்கவே வேண்டாம்.

* * *

சாப்பாடு பற்றி, பாரிஸ் குசினி வேலையில இருக்கிற எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்ச விசயம்தான், எண்டாலும் எழுதி வைக்கிறன்.

அந்த ஊர்க்காரரின்ர வழக்கம்: சாந்த்ர் எண்ட ஆற்றுமீனுக்கு வெண்ணெய்ச் சோஸ், பிளம்ஸ் வத்தல் போட்ட தூர் பன்றி இறைச்சி, கிறீம் சேர்த்த கோழி. நடுவில வைக்கோல் தண்டு குத்தின சென்ற்-மோர் ஆட்டுப்பால் சீஸ், மூண்டு நாலு கிழமை முதிர்ந்தது எண்டால் இன்னும் திறம். வெண்ணெயின்ர கொழுப்பை வைனின்ர புளிப்பு வெட்டும், சோஸில இருக்கிற லேசான இனிப்போட வைனின்ர சர்க்கரை ஒத்துப்போகும்.

எங்கட சாப்பாட்டில மீன் சொதியோட நல்லாப் போகும். தேங்காய்ப்பால் கிறீமின்ர வேலையைச் செய்யும், சொதியில போடுற வெந்தயம் மேல சொன்ன அந்த மணத்தைப் பிடிச்சுக்கொள்ளும். ரெண்டு திருத்தம் வேணும். பச்சை மிளகாயை விதை எடுத்து ஒண்டோட நிப்பாட்டுங்கோ. வைனின்ர 12, 13 வீத அற்ககோல் உறைப்பைக் கூட்டும், பழைய வைனின்ர மெல்லிய மணம் அதில அடிபட்டுப் போகும். தேசிக்காய்ப் புளியைப் பாதியாக் குறையுங்கோ. சாப்பாட்டின்ர புளிப்பு வைனை விடக் கூடினால் வைன் சப்பெண்டு போகும். இறைச்சிக் கறியோட இந்தப் போத்தலைத் திறக்காதேங்கோ. அதுக்கு மூண்டு வயசுத் தெமி-செக் போதும், காசும் மிச்சம்.

* * *

வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. பல கை மாறிய பாட்டிலைவிட, செய்த இடத்து நிலவறையிலிருந்து தாமதமாக வெளிவருவதே பாதுகாப்பு. ரோஷ்கோர்போனில் 1893இல் தொடங்கிய மார்க் பிரெதிஃப் நிறுவனத்தின் நிலவறையில் பழைய அறுவடைகள் உண்டு. தக்கை மாற்றப்பட்டதா, எந்த ஆண்டில் என்று கேட்டு வாங்குங்கள். பழைய லேபிள்களில் இனிப்பின் அளவு எழுதப்படாமலே இருக்கலாம். அப்படிப்பட்டதை விற்பவரிடம் கேட்காமல் தெமி-செக் என்று நம்பி வாங்க வேண்டாம். ஆற்றுக்கு அக்கரையில் மோன்லூயியும் இதே திராட்சைதான், விலை பெரும்பாலும் இறங்கியே இருக்கும், வயதாகும் விதமும் நெருக்கமானது.

மிஞ்சியதை வைக்க: திறந்த உடனேயே, குடிக்கத் தொடங்கும் முன், பாதியை 375 மி.லி. பாட்டில் ஒன்றில் கழுத்து வரை நிரப்பித் தக்கையிட்டுக் குளிர்ப்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். அந்தச் சின்னப் பாட்டிலைச் சோப்பில்லாமல் வெந்நீரால் மட்டும் கழுவியிருக்க வேண்டும். ஒரு வாரம் தாங்கும், மூன்றாம் நாள் பல நேரம் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். பெரிய பாட்டிலின் கடைசி இரண்டு செ.மீ.யைக் கோப்பையில் ஊற்றாதீர்கள். படிகம் அங்கேதான் கிடக்கிறது. சமையல் சோஸுக்கு வடித்துப் பயன்படுத்தலாம்.