சாமல்பட்டிப் பாட்டி கேட்ட கேள்வி

ஊத்தங்கரைப் பெண்:
கல்லூரியில் நிலவியல் மூன்றாம் ஆண்டு களப்பயணம், சாமல்பட்டியை ஒட்டிய ஜோகிப்பட்டி பக்கம். வெள்ளைக் கல்லில் ஒரு சொட்டு அமிலம் விட்டேன், சுர்ரென்று நுரைத்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி வந்து குனிந்து பார்த்தார்.

"சுண்ணாம்புக்கல்லா கண்ணு?"

"அது மாதிரிதான் பாட்டி. ஆனா இது கடல்ல படிஞ்சதில்ல, பூமிக்குள்ள உருகி வந்து உறைஞ்சது."

"சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா நீறாத்தானே போகும்? அது எப்படி உருகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டார்கள், ஓடிவிட்டேன். நான்கு வருடமாகியும் அவர் குச்சியை ஊன்றி நின்றது கண்ணிலேயே இருக்கிறது.

பாலக்கோடு:
நீங்கள் சொன்ன, பூமிக்குள் உருகி வந்து உறைந்த அந்தச் சுண்ணாம்பு வகைப் பாறைக்குப் பேர் கார்பனடைட். ஆனால் நுரைத்தாலே கார்பனடைட் என்று சொல்லக்கூடாதுங்க. நம் பக்கம் ஓடைக்கரையெல்லாம் கிடக்கும் சுக்கான்கல்லும், அதாவது மண்ணில் சுண்ணாம்பு சேர்ந்து இறுகிய கல்லும், நுரைக்கும். ஒகேனக்கல்லில் நானே ஏமாந்தேன். பெருமையாகக் கொண்டுபோன துண்டை ஆசிரியர் திருப்பிக் காட்டினார், மேலே ஒட்டியிருந்த சுக்கான்தான் நுரைத்திருக்கிறது. போகிறவர்கள் தயவுசெய்து முதலில் புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள். லென்ஸ் வைத்து, கார்பனடைட்டில் வழக்கமாக வரும் அபடைட், மேக்னடைட், பழுப்பு மைக்கா போன்ற கனிமங்கள் இருக்கிறதா என்று தேடுங்கள். அமிலம் நீர்த்ததாக இருக்கட்டும், சோதித்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், ஆடு மாடு நக்கும். இரண்டு பாறைகள் சேரும் இடத்தில் மட்டும் சுத்தியல் போடாதீர்கள். உடைத்துவிட்டால் அடுத்த பேட்ச்சுக்குக் காட்ட அங்கே ஒன்றும் இருக்காது.

பர்கூர்:
சரி, பாட்டி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே! சூளையில் சுடும்போது கரியமில வாயு வெளியே போய்விடுகிறது, அதனால் நீறுகிறது. பல கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் அந்த வாயுவை வெளியே விடாது. நீரும் கலந்திருந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே உருகும். தான்சானியாவில் ஓல் டோய்ன்யோ லெங்காய் என்ற எரிமலை நம் காலத்திலேயே கார்பனடைட் குழம்பைக் கக்கியிருக்கிறது. அதில் சோடியம் அதிகம், அது வேறு வகை. ஒகேனக்கல் கார்பனடைட்டுக்கு வயது சுமார் 240 கோடி ஆண்டு. அந்தப் பாறை மேல் முதல் முறை கை வைத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஊத்தங்கரைப் பெண்:
வாயு வெளியே போக வழியில்லை, அவ்வளவுதானா! மூடி போட்ட குக்கரைக் காட்டியே பாட்டிக்குச் சொல்லியிருக்கலாம். பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சாமல்பட்டி ஸ்டேஷனில் இறங்கி, ஜோகிப்பட்டியில் ஆடு மேய்க்கிறவர்களிடம் விசாரிக்கப் போகிறேன்.