பைத்தான் நிரலை எக்ஸ்இ கோப்பாக மாற்றியபின் பதிவுகள் மறைந்துவிடுகின்றன

கேள்வி:
வணக்கம். எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்கள் இரு வேளையும் ஊற்றும் பாலின் அளவையும் கொழுப்புச் சத்தையும் பதிவு செய்ய, பைத்தானில் டிகிண்டர் என்ற திரை வடிவமைப்பு நூலகம் கொண்டு ஒரு சிறு நிரல் எழுதியுள்ளேன். செயலாளரின் விண்டோஸ் 10 கணினியில் பைத்தான் இல்லாததால், பைஇன்ஸ்டாலரில் ‘ஒன்ஃபைல்’ தெரிவைப் பயன்படுத்தி ஒரே எக்ஸ்இ கோப்பாக்கிக் கொடுத்தேன். பதிவுகள் ஏறுகின்றன, ஆனால் நிரலை மூடித் திறந்தால் ஒன்றுகூட இருப்பதில்லை. நிரல் இருக்கும் கோப்புறையிலேயே எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு உருவாகும்படிதான் எழுதியுள்ளேன். பின்னால் கறுப்புத் திரை ஒன்றும் திறந்தே நிற்கிறது. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

பதில் 1:
பைஇன்ஸ்டாலர் உங்கள் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. பைத்தானையும் தேவையான நூலகங்களையும் நிரலோடு சேர்த்துக் கட்டித் தருகிறது. ‘ஒன்ஃபைல்’ முறையில் அந்தக் கட்டு ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் பிரிக்கப்பட்டு, அங்கிருந்துதான் நிரல் ஓடுகிறது. நிரல் திறந்திருக்கும்போது விண்டோஸின் டெம்ப் கோப்புறையைப் பாருங்கள்: ‘_எம்இஐ’ என்று தொடங்கி எண்கள் தொடரும் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும், உங்கள் எஸ்க்யூலைட் கோப்பும் அதற்குள் இருக்கும். நிரலை மூடியதும் அந்தக் கோப்புறையே அழிக்கப்படுகிறது.

ஆகவே நிரல் படிக்க மட்டும் செய்யும் கோப்புகளையும் அது எழுதும் கோப்புகளையும் தனித்தனியே பிரித்துவிடுங்கள். ஐகான், எழுத்துரு போன்றவற்றை ‘ஆட்-டேட்டா’ தெரிவின் மூலம் கட்டுக்குள் சேர்க்கலாம். பதிவுகளோ, நிரல்கள் தம் தரவை வைக்கும் இடமான பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் நீங்கள் உருவாக்கும் தனிக் கோப்புறைக்குச் செல்ல வேண்டும்.

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நான் ‘ஒன்ஃபைல்’ முறையைப் பரிந்துரைப்பதே இல்லை. இயல்பாகக் கிடைக்கும் ‘ஒன்டிர்’ முறையில் எல்லாம் ஒரு கோப்புறையில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும், நிரலும் விரைவாகத் திறக்கும், ஆன்டிவைரஸ் தவறாகத் தடுக்கும் தொல்லையும் பொதுவாகக் குறைவு.

கறுப்புத் திரையை நீக்க ‘விண்டோட்’ தெரிவு போதும். ஆனால் அதைக் கடைசியில் செய்யுங்கள். திரை போய்விட்டால், டிகிண்டர் பொத்தானை அழுத்தும்போது எழும் பிழைச் செய்திகள் எங்கும் தோன்றாமல் போகும். அதற்கு முன்பே பிழைகளை ஒரு தனி லாக் கோப்பில் எழுத ஏற்பாடு செய்வது மிக அவசியம்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. ‘ஒன்டிர்’ முறைக்கு மாறினால், எஸ்க்யூலைட் கோப்பை இப்போதிருக்கும் இடத்திலேயே விட்டுவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். பதிவுகள் அழியாமல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பைஇன்ஸ்டாலர் 6 முதல் அவை ‘_இன்டர்னல்’ என்ற உட்கோப்புறைக்குள் போய்ச் சேரும். நாளை நீங்கள் புதிய பதிப்பைக் கொடுக்க, செயலாளர் பழைய கோப்புறையை நீக்கிவிட்டு அதை வைத்தால், உறுப்பினர்களின் பால் கணக்கு முழுவதும் அதோடு போய்விடும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். கட்டுவதற்கு முன் புதிய மெய்நிகர்ச் சூழல் (மற்ற நூலகங்கள் கலவாத தனிப் பைத்தான் அமைப்பு) ஒன்றை உருவாக்கி, தேவையான நூலகங்களை மட்டும் அதில் நிறுவுங்கள்; அளவு குறையக்கூடும். சங்கக் கணினி 32 பிட் விண்டோஸா என்பதையும் பாருங்கள், 64 பிட் பைத்தானில் கட்டியது அதில் ஓடாது. எல்லாம் சரியானபின் இன்னோ செட்அப் என்ற மென்பொருள் கொண்டு நிறுவியாக்கிக் கொடுத்தால், முகப்புத் திரையில் குறுக்குவழியும் அமைக்கலாம். டிஜிட்டல் கையொப்பமிடாத நிரல் என்பதால் முதல்முறை விண்டோஸ் எச்சரிக்கை காட்டக்கூடும். அதைச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.